பதிவேட்டில் இருக்கிறது, அலமாரியில் இருக்கிறதா? பல்கலைக்கழக ஆய்வகங்களின் கதிரியக்கப் பொருள் கணக்கு

எனக்குத் தெரிந்த ஓர் ஆராய்ச்சி மாணவி வாய்மொழித் தேர்வு முடிந்தும் நான்கு மாதம் பட்டச் சான்றிதழுக்கு அலைந்தார். ‘நோ டியூஸ்’ (பாக்கி ஏதும் இல்லை) படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. ஆறு வருடத்துக்கு முன் அவர் பெயரில் வாங்கிய 2 மில்லிகியூரி (கியூரி என்பது கதிரியக்கத்தின் அலகு) பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்கப் பொருள் பதிவேட்டில் வரவாகியிருந்தது, செலவுப் பத்தி காலி. “பொருளைக் காட்டு, இல்லையென்றால் கணக்கைக் காட்டு” என்றது அலுவலகம். பாஸ்பரஸ்-32-ன் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 14.3 நாள். அந்தக் குப்பியை யாருமே தொடாமல் வைத்திருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் அநேகமாகக் கடைசி அணுவும் கந்தகமாக மாறியிருக்கும். இயற்கையே தள்ளுபடி செய்துவிட்ட பொருளை எழுத்தர் விடவில்லை.

அதே கட்டடத்தில், அதே பதிவேட்டில், ஒரு சீசியம்-137 சோர்ஸுக்கு (கதிர்வீச்சு மூலத்துக்கு) எதிரே வருடா வருடம் ‘சரி’ என்று டிக் விழுந்துகொண்டிருந்தது. அது இருந்த அலமாரியின் சாவி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சீசியத்தின் அரை ஆயுள் 30 வருடம். கவலைப்பட வேண்டியது எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

விதி என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2004-ம் ஆண்டின் அணுசக்தி (கதிரியக்கப் பாதுகாப்பு) விதிகள்தான் அடிப்படை. மேற்பார்வை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி. விண்ணப்பம், அனுமதி, ஆண்டறிக்கை எல்லாம் அதன் இ-லோரா இணையதளம் வழியாக. நிறுவனத்துக்கு வாரியம் ஏற்றுக்கொண்ட கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர், எல்லோரும் சொல்லும் ஆர்.எஸ்.ஓ., ஒருவர் வேண்டும். முன் அனுமதி இல்லாமல் சோர்ஸை வாங்கவோ, கைமாற்றவோ, தூக்கிப் போடவோ கூடாது. அவ்வளவுதான். சிக்கலெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் சிக்கல், பொறுப்பு யாருடையது என்பது. விதிப்படி முதல் பொறுப்பு உரிமம் பெற்ற நிறுவனத்துக்கும் அதன் தலைமைக்கும். ஆர்.எஸ்.ஓ.வின் வேலை அளப்பது, ஆலோசனை சொல்வது, பதிவேடுகள் ஒழுங்காக இருக்கப் பார்த்துக்கொள்வது. நடைமுறையில் என்ன ஆகிறது? புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரிடம் “சும்மா பேருக்குத்தான் சார்” என்று பொறுப்பைக் கட்டிவிடுகிறார்கள். பழையவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இ-லோரா கணக்கு அவருடைய கைபேசி எண்ணில் இருக்கிறது. ஓ.டி.பி. அவருக்குப் போகிறது, அவர் மகன் வீட்டில் வெளிநாட்டில் இருக்கிறார். இந்த நிலையில் நீங்கள் இருந்தால், முதல் வேலை உபகரணத்தைத் தொடுவது இல்லை. ஆர்.எஸ்.ஓ. பதவிக்கு உங்கள் பெயரை வாரியம் ஏற்றுக்கொண்டதா என்று பாருங்கள். பதிவாளரின் ஆணை மட்டும் போதாது. பழையவருக்குக் கிடைத்த ஒப்புதல் தானாக உங்களுக்கு வந்துவிடாது.

இரண்டாவது வேலை, பொறுப்பேற்புப் பட்டியல். “மேற்கண்ட பொருட்களைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்” என்று தட்டச்சு செய்து தயாராக நீட்டுவார்கள். பார்க்காத பொருளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதி, மீதிக்கு எதிரே “நேரில் பார்க்கவில்லை, அறை பூட்டியிருந்தது” என்று எழுதுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நாளைக்குக் குறிப்பாணை வரும்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு வரிதான்.

இனி, ‘பார்ப்பது’ என்றால் என்ன? ஈயக் குடுவை மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பது பார்ப்பது ஆகாது. சீட்டு குடுவையில் இருக்கும், சோர்ஸ் வேறு எங்கோ இருக்கும். இரண்டு பேராகப் போங்கள், உங்கள் மேல் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜை மாட்டிக்கொள்ளுங்கள். பேட்ஜ் மேஜை டிராயரில் கிடந்தால் டிராயர் வாங்கிய டோஸைத்தான் காட்டும். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரின் பேட்டரியையும் அளவுத்திருத்தச் சான்றின் தேதியையும் முதலில் பாருங்கள். அறையில் சும்மா இருக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அப்புறம் குடுவைக்கு அருகே போங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் ‘பாதுகாப்பாக இருக்கிறது’ என்று மகிழ வேண்டாம், குடுவை காலியாகவும் இருக்கலாம். வரிசை எண்ணைப் படிக்கிறேன் என்று சோர்ஸைக் கையில் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீளமான இடுக்கியும் ஒரு கண்ணாடியும் போதும். வீரியமான காமா சோர்ஸ் என்றால் குடுவையைத் திறக்கவே வேண்டாம், வெளியே அளந்து எதிர்பார்த்த அளவோடு ஒப்பிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: டிரிட்டியத்தை (கதிரியக்க ஹைட்ரஜன்) சாதாரண கைகர் மீட்டர் காட்டவே காட்டாது. அதன் பீட்டா கதிர் அவ்வளவு பலவீனம். துணியால் துடைத்தெடுத்து திரவ மினுமினுப்பு எண்ணியில் (லிக்விட் சின்டிலேஷன் கவுண்டர்) வைத்துத்தான் அளக்க வேண்டும். மீட்டர் அசையவில்லை என்பதால் ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

பதிவேட்டின் எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. “கோபால்ட்-60, 5 மில்லிகியூரி” என்று மட்டும் இருந்தால் அது பாதித் தகவல். எந்தத் தேதியில் 5? கோபால்ட் 5.27 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். பழைய சான்றிதழ் கியூரியில் இருக்கும், இன்றைய படிவம் பெக்கெரல் என்ற புதிய அலகில் கேட்கும். 1 மில்லிகியூரி என்றால் 37 மெகாபெக்கெரல். இந்த மாற்றத்தில் மூன்று பூஜ்யம் தவறவிட்டு, ஆய்வுக்கு வந்தவர் முன் விழித்த துறைகள் உண்டு.

அந்த மாணவிக்கும் இந்த அரை ஆயுள் கணக்குதான் கைகொடுத்தது. வந்த தேதி, அன்றைய அளவு, அரை ஆயுள், இன்று மிஞ்சியது எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் கணக்கு எழுதி, ஆர்.எஸ்.ஓ. கையெழுத்தோடு இணைத்தார். ஒரே வாரத்தில் வேலை முடிந்தது. நான்கு மாதமாக இதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், குப்பியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மைக்ரோலிட்டரையும் அன்றன்றே எழுதுங்கள், கழிவுக்குப் போனதையும் சேர்த்து.

பட்டியலில் வராமலே போகும் பொருள்கள் தனி ரகம். வேதியியல் துறை அலமாரியில் பழுப்புப் பாட்டிலில் யுரேனைல் நைட்ரேட், தோரியம் நைட்ரேட். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குச் சாயமேற்ற யுரேனைல் அசிட்டேட். இவை ‘ரசாயனம்’ கணக்கில் சோடியம் உப்புகளோடு அகரவரிசையில் உட்கார்ந்திருக்கும். யுரேனியமும் தோரியமும் அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் வரும் பொருள்கள். அதேபோல பழைய வாயு நிறப்பிரிகை (கேஸ் குரோமேட்டோகிராப்) கருவி. அதன் எலெக்ட்ரான் பிடிப்பு உணரிக்குள் நிக்கல்-63 இருக்கும், அரை ஆயுள் ஏறக்குறைய 100 வருடம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் அது வெறும் ‘உபகரணம் ஒன்று’.

இங்கிருந்துதான் பெரிய ஆபத்து தொடங்குகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1968-ல் வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1985-லிருந்து சும்மா கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய சாமானோடு ஏலத்தில் விட்டார்கள். டெல்லியின் மாயாபுரி பகுதிப் பழைய இரும்புக் கடைகளில் அது உடைபட்டது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. 42 வருடத்தில் எட்டு முறை பாதியாகி, 256-ல் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகும் அது ஒருவரின் உயிரைக் குடித்தது, பலரை மருத்துவமனையில் படுக்க வைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் கடைக்காரர்களும் அங்கே வேலை செய்தவர்களும். ஏலப் பட்டியலைத் தயாரித்தவர்கள் இல்லை.

ஆகவே ஏலக் குழு உங்கள் துறைக்கு வருவதற்கு முந்தின நாள் மீட்டரோடு ஒரு சுற்று வாருங்கள். கதிர்வீச்சு எச்சரிக்கையான மூன்று இதழ் சின்னம் இல்லாத உபகரணத்தையும் விடாதீர்கள், ஸ்டிக்கர் இருபது வருடம் ஒட்டிக்கொண்டிருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பழைய கனமான பெட்டி எதுவானாலும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

பயன் முடிந்த சோர்ஸை ஒழுங்காகத் திருப்பி அனுப்புவதும் லேசு இல்லை. விற்ற நிறுவனத்துக்கோ, அங்கீகாரம் பெற்ற கழிவு மேலாண்மை மையத்துக்கோ போக வேண்டும். நம் பக்கத்தில் கல்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது. அனுப்ப வாரிய அனுமதி, உரிய பெட்டி, போக்குவரத்துச் செலவு எல்லாம் வேண்டும். நிதிப் பிரிவு “புத்தக மதிப்பு ஒரு ரூபாய், அதை அனுப்ப இவ்வளவு செலவா?” என்று கோப்பைத் திருப்பும். ஸ்டோர்ஸ் பிரிவு “முதலில் தணிக்கை ஆட்சேபணையை முடியுங்கள்” என்று சொல்லும். இந்தச் சுற்றில் சிக்கித்தான் சோர்ஸ்கள் அலமாரியில் கிழடாகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள், கொள்முதல் ஆணையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை எழுதி வாங்கிவிடுங்கள். ஓய்வு பெறும் வழிகாட்டிப் பேராசிரியர் “என் ப்ராஜெக்ட்டில் வாங்கியது” என்று காரில் எடுத்துப் போக முடியாது. வாங்கிய பணம் எந்தத் திட்டத்துடையதாக இருந்தாலும் உரிமம் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது.

கடைசியாக, தொலைந்துவிட்டால். சோர்ஸைக் காணவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். “தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம், பேர் கெட்டுவிடும்” என்று துறைத் தலைவர் சொல்வார். முறையான வழியில் கோப்பு போனால் பதிவாளர் மேஜையை அடையவே ஒரு வாரம் ஆகும். எப்போது காணவில்லை என்று தெரிந்தது, யார் யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று அப்போதே எழுதி வையுங்கள். துறைத் தலைவருக்கும் பதிவாளருக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் போடுங்கள், வாரியத்துக்கும் அன்றே தகவல் போகட்டும். தேடுவதை அதற்குப் பிறகும் தேடலாம்.