பித்தப்பைக் கல் தானாக வெளியேறுமா?

தில்லியில் மயூர் விஹார், ஆர்.கே.புரம் பகுதிகளிலிருந்து என்னிடம் வரும் தமிழர்களில், ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று தெரிந்ததும் "இது தானாகப் போய்விடுமா, டாக்டர்?" என்று கேட்காதவர் அரிது. சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் பித்தநீர்ப் பாதை வேறு, சிறுநீர்ப் பாதை வேறு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் அது பித்தப்பைக் கல்லை அடித்துக்கொண்டு வராது.

பித்தப்பையிலிருந்து புறப்படும் கல், சுருள் மடிப்புகள் கொண்ட குறுகிய பித்தப்பைக் குழாயைக் கடந்து, பொதுப் பித்தக் குழாயில் இறங்கி, கணையக் குழாயும் வந்து சேரும் வாயிலின் இறுக்குத் தசையைத் தாண்டி முன்சிறுகுடலில் விழ வேண்டும். விழுந்துவிட்டால் பெரும்பாலும் நாம் அறியாமலேயே மலத்தோடு போய்விடும். பொதுப் பித்தக் குழாயின் விட்டமே சாதாரணமாக 6 மி.மீ. அளவுதான் என்பதால், துகள்களும் சிறு கற்களுமே இவ்வழியே போக முடியும். "நாலு மில்லிமீட்டர்தானே" என்று நிம்மதி அடைகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: 20 மி.மீ. கல் பெரும்பாலும் பையிலேயே கிடக்கும். சிறிய கல்லோ நகர்ந்து சென்று வாயிலில் சிக்கினால் மஞ்சள் காமாலையையும், உயிருக்கே ஆபத்தான கணைய அழற்சியையும் உண்டாக்கும்.

ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, எப்சம் உப்பு ஆகியவற்றைக் கொண்டு 'கல்லீரல் சுத்தம்' செய்துகொண்ட ஓர் அம்மையார், வெளியேறிய 'கற்களை' ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்தார். பச்சை நிறத்தில், விரலால் அழுத்தினால் நசுங்கும் உருண்டைகள். மறுபடியும் ஸ்கேன் எடுத்தபோது அவருடைய கல் அதே அளவில் அங்கேயே இருந்தது. இத்தகைய உருண்டைகளை ஆராய்ந்து, அவை குடித்த எண்ணெயே குடலில் சோப்பாக மாறித் திரண்டவை என்று 2005இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

வலி எதுவும் தராமல், வேறொரு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் தென்பட்ட கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவையில்லை, 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல் போன்றவை விதிவிலக்கு. அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை சிறிய கொழுப்புக் கற்களைச் சிலருக்குக் கரைக்கும். அதற்குப் பல மாதங்கள் ஆகும், நிறுத்தினால் கல் மீண்டும் வருவதும் உண்டு.

எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டபின் வலது மேல்வயிற்றில் எழுந்து தோள்பட்டை வரை பரவும் வலியை வாயுப் பிடிப்பு என்று நம்மவர்கள் ஓமத்தோடு ஓட்டிவிடுகிறார்கள். வலியோடு குளிர் காய்ச்சலும், கண்ணில் மஞ்சளும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழாயில் சிக்கிய கல்லை வாய்வழி எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம். கல் தானாகவே இறங்கி, கணைய அழற்சி லேசாக வந்து தணிந்தவர்களுக்கும், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே லேப்ரோஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றிவிடுவதையே நாங்கள் விரும்புகிறோம். ஒரு கல் இறங்கிய பையில் அடுத்து இறங்கக்கூடிய கற்களும் பெரும்பாலும் இருக்கும்.