ஒரு தக்காளிக்கு மூன்று வண்ணம் போதும்

ஒரு தக்காளி, ஒரு கத்தரிக்காய், பாதியாக வெட்டிய எலுமிச்சை. உள்ளங்கை அளவுத் தாளில் இவற்றை வாட்டர்கலரில் வரைய மஞ்சள், ரோஸ், நீலம் என்று மூன்று டியூப் இருந்தால் போதும், நிஜமாகவே போதும். ஆனால் எந்த மஞ்சள், எந்த நீலம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வாட்டர்கலர் என்பது மிக நுண்ணிய நிறமித் துகள்களும் அவற்றைத் தாளில் பிடித்து வைக்கும் அரபிப் பிசினும்தான். பூச்சு மெல்லியதாக இருப்பதால் வெளிச்சம் அதற்குள் புகுந்து, அடியிலிருக்கும் வெள்ளைத் தாளில் பட்டு, திரும்ப அதே பூச்சு வழியாக வெளியே வருகிறது. போகும்போதும் வரும்போதும் நிறமி தனக்குரிய பங்கை விழுங்கிவிடும், மிஞ்சுவதுதான் நம் கண்ணுக்கு வரும் நிறம். மஞ்சள் நிறமி நீல ஒளியை விழுங்கும், நீல நிறமி சிவப்பை விழுங்கும். இரண்டையும் கலந்தால் இரண்டிடமும் தப்பிப்பது பெரும்பாலும் பச்சைதான்.

எவ்வளவு பச்சை தப்பிக்கும் என்பது நீலத்தைப் பொறுத்தது. தாலோ நீலம் பச்சையை நிறைய விட்டுவைக்கும், அதனால் கலவை பளிச்சென்று இருக்கும். அல்ட்ராமரைன் என்ற இன்னொரு நீலம் பச்சை ஒளியிலும் கணிசமாக விழுங்குவதால் கொஞ்சம் மங்கிய, ஆலிவ் சாயலுள்ள பச்சைதான் கிடைக்கும். எனக்கு அல்ட்ராமரைன்தான். காய்கறிப் பச்சை பெரும்பாலும் மங்கலானதுதானே, அதோடு ரோஸ் சேர்த்தால் கத்தரிக்காய்க்கு வேண்டிய சுத்தமான ஊதாவும் வந்துவிடும். மஞ்சள் மட்டும் எலுமிச்சைச் சாயல் உள்ளதாக இருக்கட்டும், ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த மஞ்சளை எடுத்தால் பச்சை இன்னும் அழுக்காகிவிடும்.

சரி, தக்காளியின் நிழல் பக்கம்? கறுப்பைத் தொடவே வேண்டாம். மஞ்சளும் ரோஸும் கலந்த அந்தச் சிவப்பிலேயே நீலத்தைத் துளி சேருங்கள். இப்போது மூன்று நிறமியும் ஆளுக்கொரு பங்கை விழுங்குவதால் நிறம் ஆழ்ந்து போகும், ஆனாலும் சிவப்பு கொஞ்சம் மிஞ்சி நிற்பதால் நிழல் செத்துப்போகாது. மேசையில் விழும் நிழலுக்கும் இதே நீலம்தான், படம் முழுக்க ஒரே குடும்பமாகத் தெரிவதற்குக் காரணமும் அதுதான். தோலின் மினுமினுப்புக்கு வெள்ளை வண்ணம் வேண்டாம், அந்த இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பாதீர்கள். தாளின் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் வெளிச்சம் குறைவாகவே சிதறித் திரும்புகிறது, நிறம் அடர்த்தியாகத் தெரிகிறது. காய்ந்ததும் வெளுக்கும். அதனால் எப்போதும் ஒரு படி அடர்த்தியாகவே பூசுங்கள்.

அப்புறம் பூச்சின் ஓரத்தில் தானாக விழும் அந்தக் கருங்கோடு. ஈரத்தின் ஓரம் தாளில் ஒட்டி நிற்க, அங்கேதான் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓடிவரும் தண்ணீர் நிறமியையும் இழுத்து வந்து ஓரத்தில் இறக்கிவிடுகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் காபிக் கறையின் வளையத்தை வைத்து விளக்கியது இதைத்தான். கத்தரிக்காயின் விளிம்புக்கு அந்தக் கோடு அழகு, அப்படியே விடலாம். எலுமிச்சையின் உள்சதைக்கு வேண்டாமென்றால், பூச்சு காய்வதற்கு முன்பே பிழிந்தெடுத்த ஈர பிரஷ்ஷால் ஓரத்தை ஒருமுறை வருடிவிடுங்கள்.