மனச்சோர்வு மாத்திரையைப் பட்டென்று நிறுத்தாதீர்கள்

"மாலை போட்டிருக்கேன் டாக்டர், அதான் மாத்திரையை விட்டுட்டேன்." கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் கார்த்திகை பிறந்தாலே இதைக் கேட்கிறேன். நிறுத்திய மூன்றாம் நாள் வாக்கில் தலை கிறுகிறுக்கும். கண்ணைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் சுளீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். குமட்டல், வியர்வை, விடிய விடியக் கனவு, எதற்கெடுத்தாலும் எரிச்சல், அழுகை. வீட்டில் இருப்பவர்கள் நோய் திரும்பிவிட்டது என்பார்கள், இல்லையென்றால் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டான் என்பார்கள்.

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. மருந்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று இல்லாமல் போனதும் தடுமாறுகிறது. போதைக்கு அடிமையானவருக்கு வரும் ஏக்கமோ, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வெறியோ இதில் கிடையாது. மனச்சோர்வு திரும்புவதென்றால் பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல வரும். இது சில நாளிலேயே தொடங்கும். அந்தக் கரண்ட் அடிக்கிற உணர்வு மனச்சோர்வில் வருவதில்லை. மாத்திரையை மறுபடி தொடங்கினால் சில நாளில் அடங்கும். நிறுத்தியபடியே விட்டால் பலருக்கு ஒன்றிரண்டு வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் படுத்தும்.

மனச்சோர்வு மாத்திரைகளில் பராக்ஸிடினும் வென்லாஃபாக்ஸினும் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுபவை. இருட்டோடு ஜீப் பிடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு வேளை மறந்தாலே மறுநாள் வேலையில் தலைசுற்றலாம். ஃப்ளுவாக்ஸடின் நேரெதிர், வாரக்கணக்கில் தங்கும். அதனால்தான் அதிலிருந்து வேறு மருந்துக்கு மாறும்போது இடைவெளியை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோட்டயத்தில் காட்டிவிட்டு கம்பத்தில் மாத்திரை வாங்குபவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி மாறினால் பரவாயில்லை. மருந்தின் பெயரோ மில்லிகிராமோ மாறியிருந்தால் அப்படியே விழுங்காதீர்கள்.

சரி, எப்படி நிறுத்துவது? முழுசு, பாதி, அப்புறம் ஒன்றுமில்லை என்று போனால் அந்தக் கடைசிப் பாதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குறைந்த அளவில் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் மூளையில் தாக்கம் அதிகம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அளவு குறையக் குறைய இன்னும் சின்னச் சின்னதாகக் குறைக்கச் சொல்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் வேண்டாம். மருந்தளவு ஏறி இறங்கித் தொல்லைதான் கூடும்.

மாலை போட்டவர்கள் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதில்லையே, இதை மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்? ஏற்கனவே நிறுத்திவிட்டீர்களா? பழைய அட்டையோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.