மிகை நோயறிதல்: 'தவறான' அல்ல, 'மிகை'

'ஓவர் டயக்னோசிஸ்' என்பதைத் 'தவறான நோயறிதல்' என்று ஒரு மருத்துவ இணைப்பிதழில் மறுபடியும் பார்த்தேன். கட்டுரை தென்கொரியாவில் ஏராளமானோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டதைப் பற்றியது. படித்துவிட்டு என் அத்தை கேட்டார்: "அப்போ அத்தனை பேருக்கும் லேப்ல ரிப்போர்ட்டை மாத்திக் கொடுத்துட்டாங்களா?"

யாரும் மாற்றவில்லை. அங்கே 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கான சோதனை கிடையாது. கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. இறப்பு விகிதமோ அசையவே இல்லை. ஸ்கேன் சரி, திசுவை எடுத்துப் பார்த்த பயாப்ஸி சரி, இருந்ததும் புற்றுநோய்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்கத் தொந்தரவு தராமல் கிடந்திருக்கும். கண்ணில் பட்டதால் தைராய்டையே எடுத்தார்கள். அப்புறம் காலமெல்லாம் மாத்திரை. இதில் தவறு எங்கே இருக்கிறது, அறிந்ததிலா?

டயக்னோசிஸ் கிரேக்கச் சொல், பிரித்தறிதல் என்று பொருள். 'நோயறிதல்' நமக்குப் பழகிவிட்டது, அது போதும். சிக்கலெல்லாம் 'ஓவர்'தான்.

சிலர் 'மிகைப்படுத்தப்பட்ட நோயறிதல்' என்கிறார்கள். இது இன்னும் மோசம். மிகைப்படுத்துவது என்றால் உள்ளதை ஊதிச் சொல்வது. டாக்டர் பொய் சொன்னார் என்றாகிவிடும். 'அதிக நோயறிதல்' என்றாலோ, நிறையப் பேருக்குக் கண்டுபிடித்தார்கள், நல்லதுதானே என்று தோன்றும். 'தேவையற்ற நோயறிதல்' பரவாயில்லை. ஆனால் தேவையில்லாமல் எடுக்கும் டெஸ்டோடு குழம்பும்.

'மிகை நோயறிதல்' என்பதே சரி. மிகை என்றால் வெறும் நிறைய இல்லை, வேண்டியதற்கு மேல் நிற்பது. பிறப்பறுக்க முனைந்தவர்க்கு 'உடம்பும் மிகை' என்றார் வள்ளுவர். உடம்பு பொய் என்றா சொன்னார்? உடம்பு உண்மை, ஆனாலும் தேவைக்கு மேல். கொரியாவில் கண்ட கட்டியும் அப்படித்தான். இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது, கட்டுரையை முழுசாகப் படிக்காமல் 'ஓவர்' என்பதை மட்டும் அகராதியில் தேடும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. நோயாளி படிக்கிற எழுத்து இது.

'ஓவர் ட்ரீட்மென்ட்'டுக்கும் இதே கணக்கில் 'மிகை சிகிச்சை' என்று எழுதலாம். 'அளவுக்கு மீறிய மருந்து' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது ஓவர்டோஸ்.