ஏகாதிபத்தியத்தில் ‘ஏக’ யார்?

மே தினத்துக்கு முதல் நாள் மாலை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஒட்டுக்கடைக்குப் பக்கத்தில் ‘ஏகாதிபத்தியம் ஒழிக’ என்று சிவப்புத் துணியில் எழுதிக் காயப் போட்டிருந்தோம். தே (டீ) வாங்க வந்த பாட்டி ஒருவர் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். “யாருய்யா இந்த ஆளு? நம்ம பக்கத்து ஆளா?” என்று கேட்டார்.

சிரித்துவிட்டோம். பிறகு ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தோம், எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. யோசித்தால், பாட்டி கேட்டதில் தப்பே இல்லை. அதிபதி என்றால் ஆள்தானே? ராசிக்கு அதிபதி செவ்வாய், லக்னாதிபதி குரு என்று ஜாதகம் பார்க்கும்போது கேட்டுப் பழகிய காது அவருடையது.

சொல்லைப் பிரித்தால் ஏக + ஆதிபத்யம். இரண்டும் வடசொற்கள். அதிபதியின் தன்மை ஆதிபத்யம். தலைமை, ஆட்சியுரிமை என்று வைத்துக்கொள்ளலாம். ஏகம் என்றால் ஒன்று. ஆகவே ஏகாதிபத்தியம் என்பதன் நேர்ப்பொருள் ‘ஒருவனுடைய தனியாட்சி’. ‘ஒரு குடைக்கீழ் ஆண்டான்’ என்று நம் புலவர்கள் மன்னனைப் புகழ்வார்களே, கிட்டத்தட்ட அது. புகழ்மொழியாக இருக்க வேண்டியது நம்மிடம் வசைமொழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

பக்கத்து மொழிகளில் இதே சொல் வேறு வழியில் போயிற்று. மலையாளத்தில் ‘ஏகாதிபத்யம்’ என்றால் சர்வாதிகாரம். நாம் சொல்லும் ‘இம்பீரியலிசம்’ என்ற பொருளுக்கு அவர்கள் ‘சாம்ராஜ்யத்வம்’ என்பார்கள். தெலுங்கிலும் இந்தியிலும் சாம்ராஜ்யத்தோடு ‘வாதம்’ சேர்த்துக்கொண்டார்கள். சிங்களத்தில் அதிராஜ்யத்தை வைத்துச் சொல் செய்தார்கள். ‘ஏக’வைப் பிடித்துக்கொண்டது தமிழ். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் இருக்கிறார், மலையாளி. ஒருநாள் அவரும் நானும் அரைமணி நேரம் காரசாரமாக வாதம் செய்தோம். அவர் ஹிட்லரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், நான் வங்கிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது இரண்டாவது கோப்பி வந்த பிறகுதான் இருவருக்கும் விளங்கியது.

ஆங்கிலச் சொல்லான ‘இம்பீரியலிசம்’ லத்தீனிலிருந்து வருகிறது. ‘இம்பெராரே’ என்றால் ஆணையிடு. ‘இம்பெரியம்’ என்றால் ஆணை, ஆணை செல்லும் அதிகாரம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சொல்லை ஆங்கிலேயர் பெரும்பாலும் பிரான்சின் மூன்றாம் நெப்போலியனைக் குத்திக்காட்டத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு பேரரசன் தன் சொந்த நாட்டில் நடத்தும் தனியாட்சி என்பதே அன்றைய பொருள். அந்தக் காலத்துக்குப் பார்த்தால் நம் ‘ஏக’ ரொம்பப் பொருத்தம். ஆனால் ஆங்கிலச் சொல் அங்கேயே நிற்கவில்லை. தென்னாப்பிரிக்கப் போயர் போரைக் கண்ட ஆங்கிலேயப் பொருளியல் எழுத்தாளர் ஹாப்சன் 1902இல் வேறு கேள்வி கேட்டார்: நாடு பிடிப்பதில் யாருக்கு லாபம்? முதலீடு செய்ய இடம் தேடும் பணக்காரர்களுக்கு என்றார். அவர் மார்க்சியர் அல்லர், தாராளவாதி. அவருடைய தரவுகளை எடுத்துக்கொண்டு லெனின் 1916இல் சூரிக்கில் இருந்தபடி ஒரு சிறுநூல் எழுதினார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. ஏகாதிபத்தியத்துக்கு மிகச் சுருக்கமான இலக்கணம் வேண்டுமென்றால், அது முதலாளித்துவத்தின் ஏகபோகக் கட்டம் என்பது அதில் உள்ள செய்தி.

ஏகபோகம். இங்கேதான் நம் ‘ஏக’ சரியான வீட்டில் குடியிருக்கிறது. போகம் என்றால் அனுபவம், விளைச்சல் (முப்போகம் என்கிறோமே). தஞ்சை வட்டாரத்துப் பழைய நிலப் பதிவுகளில் ‘ஏகபோக கிராமம்’ என்று உண்டு. ஊர் முழுக்க ஒரே மிராசுதாரருக்குச் சொந்தம் என்று அர்த்தம். அதே சொல்லைத்தான் பிற்காலத்தில் ஒரு சில கம்பெனிகள் ஒரு சந்தையையே வளைத்துக்கொள்வதற்கு எடுத்தாண்டார்கள். நல்ல தேர்வு. அந்த மாதிரி ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதால் சொல்கிறேன்.

ஆட்சியில் ‘ஏக’ என்பது இருந்ததா என்று பால்மரத்தையே (ரப்பர் மரத்தையே) கேட்டுப் பார்க்கலாம். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1920களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவில் விளைந்தது. விலை சரிந்தபோது பிரிட்டன் 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவந்து, மலாயாவிலும் இலங்கையிலும் உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றியது. டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவில் அதில் சேரவில்லை. பிரிட்டிஷ்காரன் மரத்தைச் சும்மா விட, அவர்கள் பால் வெட்டி விற்றார்கள். ரப்பரில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கா கொதித்தது. டயர் கம்பெனியான ஃபயர்ஸ்டோன் 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகை பேசியது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென். கூடவே அந்த நாட்டு அரசாங்கத்தின் தலையில் 50 லட்சம் டாலர் கடனையும் கட்டிவிட்டார்கள். கார் முதலாளி ஃபோர்டு, சொந்த ரப்பருக்காக அமேசான் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்று ஓர் ஊரையே கட்டிப் பார்த்துத் தோற்றார். ஒரே பாலுக்கு மூன்று நான்கு பங்காளிகள் அடித்துக்கொண்டார்கள். இதில் எங்கே ஒரு குடை? குடைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதுதான் அந்த நூற்றாண்டின் கதை.

பாட்டிக்கு விளக்க நான் கடைசியில் எடுத்துக்கொண்டது தோட்டத்தைத்தான். காலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணுகிறவர் தண்டல். அவருக்கு மேலே கிராணி. அவருக்கு மேலே சின்ன துரை, பெரிய துரை. துரைக்கு மேலே கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ, தோட்டங்களை நிர்வகிக்கும் ஏஜென்சி ஆபீஸ். அதற்கும் மேலே லண்டனில் பங்கு வாங்கிய ஒருவர், மலாயா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வருடக் கடைசியில் பங்காதாயம் வாங்கிக்கொள்வார். மங்கில் (பால் பிடிக்கும் கோப்பையில்) சொட்டிய பால் அங்கே போய்ப் பணமாக விழுகிறது. கீழே நடப்பதை மேலே உள்ளவர் பார்த்ததே இல்லை, பார்க்கத் தேவையும் இல்லை. இந்தக் கட்டுமானம்தான் ஏகாதிபத்தியம் என்றேன்.

“கொம்பனின்னு சொல்லு. அதை மொதல்லயே எழுத வேண்டியதுதானே?” என்றார் பாட்டி.

இந்த ஏணியில் இன்னொரு படி உண்டு: கங்காணி. கண்ணால் காண்பவன், கண்காணி. நம்மிடமிருந்து ஆங்கிலம் கடன் வாங்கிய சொற்களில் இது ஒன்று. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

கொடி மட்டுமே ஏகாதிபத்தியம் என்று இந்த மண்ணில் போராடியவர்கள் நினைக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. கூலியும் மரியாதையும் ஒரே பட்டியலில் இருந்தன. பதிலுக்குப் பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பிறகு அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் அதற்கு முதல் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார்.

எங்கள் ஊர்ப் பெயர் உலகச் செய்தியில் வந்தது 1948 ஜூன் 16இல், இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டபோது. அதையொட்டி வந்தது ‘அவசரகாலம்’. 12 ஆண்டு நீண்ட ஒரு போருக்கு அப்படியொரு பெயர். போர் என்று அறிவித்தால் தோட்டங்களின் நட்டத்துக்கு லண்டன் காப்புறுதிக்காரர்கள் பணம் தரமாட்டார்கள் என்பதே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வதுண்டு. சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சொல் அது.

சரி, ஏகாதிபத்தியத்துக்கு நல்ல தமிழ் எது? ‘பேரரசியம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். காதுக்கு இனிமைதான், ஆனால் மறுபடியும் அரியணைக்கே கூட்டிக்கொண்டு போகிறது. ஏஜென்சி ஆபீசுக்கு ஏது அரியணை? ‘கொடுங்கோன்மை’ வள்ளுவர் தனி அதிகாரமே வைத்த சொல். அதுவும் கோல் பிடித்த மன்னனைப் பற்றியது. ‘மேலாதிக்கம்’ வேறு கருத்துக்கு, மனத்தையும் பழக்கத்தையும் பிடித்து ஆள்வதற்கு, ஏற்கெனவே வழக்கில் நிலைத்துவிட்டது. ‘வல்லாண்மை’ எனக்குப் பிடிக்கும், ஆனால் பழைய இலக்கியத்தில் அது வீரத்தைப் புகழும் சொல். மிஞ்சுவது ‘வல்லாதிக்கம்’. வலியவர் மெலியவர்மேல் செலுத்தும் ஆதிக்கம். அந்த வலியவர் ஒருவரா பலரா, மன்னரா கம்பெனியா என்று அது கட்டிப்போடவில்லை. ஆதிக்கம் என்பதே ‘ஆதிக்யம்’ என்ற வடசொல்லின் வழி வந்ததாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்கலாம். உண்மைதான். பாதித் தமிழ். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. முழக்கமாக ஏகாதிபத்தியம் இருந்துவிட்டுப் போகட்டும், நூறாண்டு பழகிய நாக்கு. விளக்கிப் பேசும் இடத்தில் வல்லாதிக்கம் என்றே எழுதுவேன்.

‘ஏக’வை விட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. எங்கள் ஒட்டுக்கடை மேசையில் ஏகாதிபத்தியம் என்றால் அமெரிக்கா, அதோடு முடிந்தது. ஈராக்கை 2003இல் இடித்ததை மறக்கச் சொல்லவில்லை. காசாவில் விழும் குண்டுகள் யார் தந்தவை என்று கேட்காமல் இருக்கவும் முடியாது. ஆனால் 2022இல் ரஷ்யப் படை உக்ரேனுக்குள் போனபோது ‘அது வேறு கணக்கு’ என்று மேசையில் பாதிப்பேர் சொன்னார்கள். லெனினுடைய நூலைத் திறந்து காட்டினேன். ஜார் காலத் தணிக்கைக்குப் பயந்து, கொரியாவைப் பிடித்த ஜப்பானை உதாரணமாக எழுதினேன் என்கிறார் 1917 முன்னுரையில். ஜப்பான் என்ற இடத்தில் ரஷ்யா என்றும், கொரியா என்ற இடத்தில் பின்லாந்து, போலந்து, உக்ரேன் என்றும் வாசகர் மாற்றிப் படித்துக்கொள்ளலாம் என்கிறார். மேசை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவர் நேட்டோ கிழக்கே நகர்ந்ததை எடுத்தார். அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு வல்லாதிக்கத்தைக் காட்டி இன்னொன்றை மறைப்பதற்காக அல்ல.

நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்க்கலாம். 1981 செப்டம்பர் 7 காலை, சில மணி நேரத்தில், லண்டன் பங்குச் சந்தையில் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியின் பெரும்பான்மைப் பங்கை மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பிஎன்பி வாங்கி முடித்தது. துரைமார் கையிலிருந்த நிலம் திரும்பி வந்தது என்று கொண்டாடினார்கள். சரியான கொண்டாட்டம்தான், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களுக்கு வீடு வந்ததா என்ற கேள்வியைத் தள்ளிவைத்தால். 2007இல் கத்ரி, இன்னொரு பெரிய தோட்டக் கம்பெனியான சைம் டார்பியோடு இணைந்தது. 2009இல் அதே சைம் டார்பி லைபீரியாவுக்குப் போய் 2,20,000 ஹெக்டேரை 63 ஆண்டுக்குச் செம்பனை போடக் கேட்டு வாங்கியது. தங்கள் நிலம் போகிறது என்று அங்குள்ள கிராமத்தார் முறையிட்டார்கள். 2020இல் கம்பெனி கிளம்பி வந்துவிட்டது. ஃபயர்ஸ்டோன் போன அதே நாடு.

2024இல் சைம் டார்பி பிளாண்டேஷன் தன் பெயரை மாற்றிக்கொண்டது. புதிய பெயர் எஸ்டி கத்ரி. பெயர்ப்பலகை பாட்டி கண்ணில் பட்டால், “பழைய கொம்பனி திரும்பி வந்துட்டானா?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு மாலையும் இன்னும் இரண்டு தேயும் வேண்டும்.