வேனல் கட்டி திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பாருங்கள்

வேலூர் வெயிலுக்கு வேனல் கட்டி வருவது புதிதல்ல. ஏப்ரல், மே மாதங்களில் கட்டியோடு வருகிற இளைஞர்கள் "சூடுதான் டாக்டர், வேற ஒண்ணுமில்ல" என்றே பேச்சை ஆரம்பிப்பார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் ஒன்று ஆறும் முன்பே அடுத்தது கிளம்பினால், அக்குள், தொடை, பிடரி என்று இடம் மாறி வந்தால், ராத்திரி எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. வயது முப்பதுகூட ஆகவில்லை. பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நாலைந்து கண் வைத்துச் சீழ் கசிந்தது. பல கட்டிகள் ஒன்றாகச் சேர்ந்த ராஜபிளவை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டதில் சுற்றுத்தோல் வெந்திருந்தது. "மாம்பழம் தின்னாதன்னு சொன்னேன், கேக்கல சார்" என்றார் அம்மா. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. பெல்ட் லூசானதை வேலைக் களைப்பு என்றே நினைத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பலருடைய மூக்குக்குள் தொல்லை தராமல் குடியிருப்பதுதான். சர்க்கரை ஏறிய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். கிருமியை விழுங்கிக் கொல்லும் வேகம் குறையும். தொற்றும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும். அதனால்தான் வெறும் வயிற்று அளவோடு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் எழுதிக் கொடுக்கிறோம். அது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

கட்டியைப் பிதுக்காதீர்கள். அதுவும் மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியில் கையே வைக்க வேண்டாம். அங்கிருந்து தொற்று மூளைப் பக்கம் பரவ வழி உண்டு. மெடிக்கலில் கேட்டு வாங்கும் டியூப் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது தொற்றை வளர்த்துவிடும். வலி குறைந்ததும் ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விடுவதும் தப்பு.

எனக்கு மிகவும் பயம் தருவது வேறு. உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்குக் கட்டியும் காய்ச்சலும் வந்தால், சாப்பாடு இறங்கவில்லையே என்று வீட்டில் இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அளவை மாற்றுவதென்றால் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று தொடங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ பக்கத்தில் எதுவோ, உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.