மசக்கை நேரத்தில் என்ன சாப்பிடச் சொல்வது?

கர்ப்பமான முதல் மாதங்களில் பரிசோதனைக்கு வரும் பெண்களோடு பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோ வருவார்கள். அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் அவர்களே கேட்டுவிடுவார்கள்: "ஒரு வாய் சோறு உள்ளே போக மாட்டேங்குது டாக்டர், வயித்துப் பிள்ளை எப்படி வளரும்?"

வளரும். 12-வது வாரத்தில்கூடக் கரு ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம்தான். சாதாரண மசக்கையால் அதற்குக் கெடுதல் வருவதில்லை. "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று தட்டை நீட்டி வற்புறுத்த இது நேரமே இல்லை. எது உள்ளே தங்குகிறதோ அதைச் சாப்பிட்டால் போதும்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: "நாங்கெல்லாம் பிள்ளை பெறலையா, இவ ரொம்பச் செல்லம் கொஞ்சுறா." தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நஞ்சுக்கொடியிலிருந்தும் கருவிலிருந்தும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் மூளையின் குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது என்பதை 2023-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. கர்ப்பத்துக்கு முன் உடலில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்குத் தொல்லை அதிகம். அத்தைக்கு வராத வாந்தி மருமகளுக்கு வருவதில் மனத்திடத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

பெரும்பாலோருக்கு ஆறாவது வாரத்தில் தொடங்கி, ஒன்பது பத்து வாரங்களில் உச்சத்துக்குப் போய், 16 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதுவரை பெரிய எதிரி வாசனைதான். தாளிப்பு, குக்கர் ஆவி, மீன் குழம்பு, சிலருக்குக் காபித்தூளும் ஊதுபத்தியும்கூட ஆகாது. அதனால் நான் முதலில் கேட்பதே, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றுதான். அவரே சமைக்கிறார் என்றால், சில வாரங்களுக்கு வேறு யாராவது அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவர்களிடம் இதை நேராகவே சொல்கிறேன். மாத்திரைச் சீட்டைவிட இது அதிகம் உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

சூடான சாப்பாட்டில் வாசனை தூக்கலாக இருக்கும். ஆறிய இட்லி, தயிர்சாதம், வெள்ளரிக்காய், மாதுளை எல்லாம் எளிதாக இறங்கும். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே கொஞ்சம் பொரியோ ரஸ்க்கோ மென்றுவிட்டு, சிறிது நேரம் கழித்து மெல்ல எழுந்திருக்கலாம். வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடி அளவு எதையாவது சாப்பிடுவது நல்லது. தண்ணீரையும் உப்புப் போட்ட மோரையும் சாப்பாட்டோடு சேர்க்காமல், இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். இஞ்சி பலருக்குக் கேட்கிறது. கறி, முட்டை பிடிக்கவில்லையா, சரி, சுண்டலும் பொட்டுக்கடலையும் இருக்கின்றன. ஆனால் விபூதி, சாம்பல், மண் தின்னத் தோன்றினால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டாம். காலையில் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரவில் போட்டுக்கொள்ளலாம். வாந்திக்கு மாத்திரை என்றாலே பயப்படுபவர்கள் உண்டு. 1950-களின் கடைசியில் மசக்கைக்குக் கொடுத்த தாலிடோமைடு, ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் குறையுடன் பிறக்க வைத்தது. அந்த மருந்து 1961-இன் இறுதியில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. பயம் புரிகிறது. ஆனால் இன்று நாங்கள் எழுதித் தரும் டாக்ஸிலமைன், வைட்டமின் பி6 கூட்டு மாத்திரை பல பத்தாண்டுகளாகக் கவனமாக ஆராயப்பட்டது, கருவுக்குப் பாதுகாப்பானது. மருத்துவர் சொல்லும் அளவில் தைரியமாகப் போடலாம்.

எல்லா வாந்தியும் சாதாரண மசக்கை அல்ல. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர்மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். 50 கிலோ இருந்தவர் 47.5-க்கு இறங்கினாலும் அப்படித்தான்.

பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்புவது நம் ஊரில் சகஜம். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடலில் வைட்டமின் பி1 சத்து வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் அரிதாக மூளையே பாதிக்கப்படலாம். எங்கே காட்டினாலும், எத்தனை நாளாகச் சாப்பாடு தங்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். பி1 ஊசி போட வேண்டுமா என்றும் கேளுங்கள்.